அணுவிலிருந்து ரப்பர் பால் வரை: பள்ளி வேதியியலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் வேதியியல் நோட்டோடு உட்காருவார்கள். எல்லாரும் உயர்நிலை மூன்று, நான்கு. கட்டணம் கிடையாது, யாராவது எனக்கு ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கி வந்தால் போதும். கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்கள் சற்று நின்று கேட்பார்கள், அப்புறம் அவர்களும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வருஷா வருஷம் திரும்பி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஊரில் தமிழில் படித்தவள். மகள் ஆங்கிலத்தில் படிக்கிறாள். என்னால் உதவ முடியுமா?

தாராளமாக முடியும். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான். நீங்கள் சகப்பிணைப்பு என்று படித்தது அவள் நோட்டில் கோவேலன்ட் பாண்ட். அயனிப் பிணைப்பு அயானிக் பாண்ட், பலபடி பாலிமர், மாற்றியம் ஐசோமர். ஒரு மாலை இருவரும் உட்கார்ந்து இந்தப் பெயர்களை எதிரெதிரே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2027 முதல் ஓ நிலைத் தேர்வின் இடத்தில் புதிய எஸ்இசி சான்றிதழ் வருகிறதே, எல்லாம் மாறிவிடுமா என்றும் கேட்கிறார்கள். தேர்வின் பெயர் மாறலாம், கார்பனுக்கு அப்போதும் நாலு கைதான்.

அணுவைக் கண்ணால் பார்க்கவே முடியாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எறிந்து பார்த்துத்தான். இருட்டறையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் பந்தை வீசிப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி. 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டெனும் மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களை, அதாவது கதிரியக்கத்தில் வெளிவரும் நுண்துகள்களை, பாய்ச்சினார்கள். அநேகமாக எல்லாம் தடையில்லாமல் தாண்டிப் போயின. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. அணுவின் எடை முழுக்க நடுவில் ஒரு சிறு புள்ளியில் குவிந்திருந்தால்தான் இப்படி நடக்கும் என்று 1911இல் ரூதர்ஃபோர்டு சொன்னார். அந்தப் புள்ளிதான் அணுக்கரு.

எவ்வளவு சிறிது? காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கின் கூரை 310 மீட்டர் அகலம். ஒரு தங்க அணுவை அவ்வளவு பெரிதாக ஊதினால், கரு மைதானத்தின் நடுவில் கிடக்கும் ஒரு கோலிக்குண்டு. மீதி இடமெல்லாம் எலக்ட்ரான்களுக்கு.

எலக்ட்ரானை அதற்கு முன்பே, 1897இல், ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடித்துவிட்டார். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் எளிதில் அகப்படவில்லை. 1932இல்தான் சாட்விக் அதைப் பிடித்தார்.

2, 8, 8 என்று எலக்ட்ரான்களை நிரப்புகிறோம். மூன்றாம் கூட்டில் 18 வரை இடம் உண்டு என்று அண்ணன் சொல்கிறான். யார் சொல்வது சரி?

இருவரும் சரி. முதல் இருபது தனிமங்களுக்கு 2, 8, 8, 2 போதும். பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான் மூன்றாம் கூட்டில் இடமிருந்தும் நான்காவதற்கு ஏன் தாவுகிறது என்பது தொடக்கக் கல்லூரிப் பாடம். அண்ணனை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அணுக்கள் ஏன் சேர வேண்டும்? “எட்டு எலக்ட்ரான் இருந்தால் சந்தோஷமாக இருக்கும்” என்று ஆசிரியர் சொன்னாரே?

சொல்வது வழக்கம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அணுவுக்கு ஆசையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. சேர்ந்தபின் மொத்த ஆற்றல் குறைகிறது என்றால் சேர்கின்றன, அவ்வளவுதான். வெளிக்கூடு நிறைந்த அமைப்பில் பெரும்பாலும் ஆற்றல் குறைவாக இருப்பதால் “எட்டு” என்பது நல்ல குறுக்குவழி. விடைத்தாளில் “சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்து நிறைந்த வெளிக்கூட்டைப் பெறுகிறது” என்று எழுதுங்கள். “சோடியம் விரும்புகிறது” என்று எழுதாதீர்கள்.

வீட்டில் கல்லுப்பு இருந்தால் ஒரு பரலை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உடையாத பரலாக இருந்தால் மூலைகள் செங்கோணமாகத் தெரியும். உள்ளே எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனியும் அதைப் பெற்ற குளோரைடு அயனியும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்குதான் வெளியே கனசதுரமாகத் தெரிகிறது. உப்பில் “மூலக்கூறு” என்று தனியாக எதுவும் கிடையாது, பரல் முழுவதும் ஒரே பின்னல். எதிர் மின்னூட்டங்கள் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். திண்மமாக இருக்கையில் அயனிகள் நகர முடியாது, மின்சாரம் பாயாது. உருகினாலோ நீரில் கரைந்தாலோ பாயும்.

சகப்பிணைப்பு வலுவானது என்கிறார்கள். அப்படியானால் தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே, எப்படி?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். இது ஒன்று விளங்கிவிட்டால் கீழே வரும் எரிவாயு, பெட்ரோல், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் தானாக விளங்கும்.

தண்ணீரில் இரண்டு வகை இழுப்பு இருக்கிறது. ஒன்று, ஒரு மூலக்கூற்றுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொண்டு பிடித்திருக்கும் பிடி. அதுதான் சகப்பிணைப்பு, வலுவானது. மற்றது, ஒரு தண்ணீர் மூலக்கூற்றுக்கும் பக்கத்து மூலக்கூற்றுக்கும் நடுவில் இருக்கும் ஒட்டு. இது மிக மிக மெலிந்தது. நான் பிள்ளைகளிடம் “உள்பிடி, வெளியொட்டு” என்று சொல்வேன். கைகோத்து நிற்கும் குடும்பங்கள் நிறைந்த தேக்கா தீபாவளிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலையும்போது குடும்பங்கள்தான் ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றன. அம்மாவின் கையைப் பிள்ளை விடுவதில்லை. கொதிப்பதும் அதுதான். வெளியொட்டு விடுகிறது, உள்பிடி அப்படியே இருக்கிறது. கெட்டிலிலிருந்து ஆவியாக வருவதும் தண்ணீர்தான்.

நான் பள்ளியில் படித்தபோது “கொதிக்கும்போது ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு உடைகிறது” என்று நீட்டி முழக்கி எழுதியிருந்தேன். ஆசிரியை சிவப்பு மையில் ஒரே வரி எழுதினார்: “அப்படியானால் உன் வீட்டு அடுப்படி இன்னும் இருக்கிறதா?” உண்மைதானே. பிணைப்பு உடைந்தால் ஒவ்வொரு காலையும் தேநீர் போடும்போது அடுப்படி நிறைய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிற்கும், பக்கத்தில் தீயும் எரியும். அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டுமென்றால் மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் மின்னாற்பகுப்பு போல ஏதாவது செய்ய வேண்டும்.

இன்றுவரை நான் திருத்தும் பயிற்சித்தாள்களில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். “வலுக்குறைந்த மூலக்கூறு இடை விசைகளைக் கடக்கச் சிறிதளவு ஆற்றலே போதும்” என்று எழுத வேண்டிய இடத்தில் “வலுக்குறைந்த சகப்பிணைப்பு” என்று எழுதிவிடுவார்கள். தண்ணீரின் சகப்பிணைப்பு வலுக்குறைந்தது இல்லை, கொதிக்கையில் உடைவதும் இல்லை.

வைரம் மட்டும் ஏன் உருக மாட்டேன் என்கிறது?

அங்கே வெளியொட்டே கிடையாது. ஒவ்வொரு கார்பனும் நாலு கார்பனைப் பிடித்துக்கொண்டு, கல் முழுக்க உள்பிடியாகவே இருக்கிறது. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்றைத்தான் பிடிக்கிறது. தாள் தாளாக அடுக்கு, தாள்களுக்கு நடுவே மெலிந்த ஒட்டு. பென்சில் எழுதுவது தாள்கள் வழுக்குவதால்தான்.

கார்பனுக்கு மட்டும் ஏன் தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள்?

நாலு கை இருக்கிறது, தன் இனத்தையே கோத்துக்கொண்டு எவ்வளவு நீளத்துக்கும் போகும், அந்தக் கோப்பு சுலபத்தில் அறுவதும் இல்லை. மூன்றும் சேர்ந்தாற்போல் வேறெந்தத் தனிமத்துக்கும் இந்த அளவுக்கு வாய்க்கவில்லை. மீதிக் கைகளை ஹைட்ரஜனுக்கே கொடுத்துவிட்டால் அது ஹைட்ரோகார்பன். பெயர்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வழியில்லை: மீத், ஈத், புரோப், பியூட். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கார்பன். எல்லாம் ஒற்றைப் பிணைப்பாக உள்ள அல்கேன் என்றால் ஹைட்ரஜன் எண்ணிக்கை கார்பனைப்போல் இரண்டு மடங்கோடு இரண்டு. இரட்டைப் பிணைப்பு ஒன்று உள்ள அல்கீனுக்கு வெறும் இரண்டு மடங்கு. படம் வரைந்ததும் ஒவ்வொரு கார்பனிலும் நாலு கோடு இருக்கிறதா என்று விரலால் எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் ஐந்து கை முளைத்துவிடும்.

எங்கள் வீட்டில் சிலிண்டர், அக்கா வீட்டில் குழாய் எரிவாயு. இரண்டும் ஒன்றா?

இல்லை. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். புதுச் சிலிண்டரை இலேசாகச் சாய்த்தால் உள்ளே தளும்புவது தெரியும்: அழுத்தி அடைத்திருப்பதால் திரவமாக இருக்கிறது. புரோப்பேன் கழித்தல் 42 டிகிரியிலேயே கொதிப்பது, பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ஜியத்தில். வால்வைத் திறந்து அழுத்தம் குறைந்ததுமே நம்மூர் வெயிலில் வாயுவாகிவிடும். குழாயில் வருவது செனோக்கோவில் தயாராகும் நகர எரிவாயு. அதில் ஹைட்ரஜனும் மீத்தேனும்தான் பெரும்பங்கு. அதனால்தான் ஒன்றுக்கு வாங்கிய அடுப்பை மற்றதில் அப்படியே மாட்டக்கூடாது, காற்று கலக்கும் அளவே வேறு. சுத்தமான புரோப்பேனுக்கு வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

இப்போது அந்தக் கொதிநிலைகளை வரிசையாகப் பாருங்கள். மீத்தேன் கழித்தல் 162, ஈத்தேன் கழித்தல் 89, புரோப்பேன் கழித்தல் 42, பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே, பென்ட்டேன் 36. சங்கிலி நீள நீள, தொட்டு ஒட்டும் இடம் கூடுகிறது, வெளியொட்டு வலுக்கிறது. இன்னும் நீட்டினால் பெட்ரோல், பிறகு டீசல், இருபது முப்பது கார்பன் ஆனதும் மெழுகுவத்தி. மெழுகையும் தாண்டி ஆயிரக்கணக்கில் நீட்டினால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டான். கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டினேன்.

புரோமின் சோதனையில் விடை சரியாக எழுதியும் மதிப்பெண் கிடைக்கவில்லை. ஏன்?

“தெளிவாகிவிட்டது” என்று எழுதியிருப்பீர்கள். அல்கீனில் புரோமின் கரைசலை விட்டுக் குலுக்கினால் செம்பழுப்பு நிறம் போய் நிறமற்றதாகிறது. இரட்டைப் பிணைப்பு திறந்து புரோமினை ஏற்றுக்கொள்கிறது. அல்கேனில் அந்தக் கை காலி இல்லை, நிறம் அப்படியே இருக்கும். நிறமற்றது வேறு, தெளிவானது வேறு. என் முன்னால் இருக்கும் தே ஓ தெளிவாகத்தான் இருக்கிறது, கண்ணாடிக் குவளையின் அடி தெரிகிறது; நிறம் இல்லையா?

ஜூரோங் தீவில் என்னதான் செய்கிறார்கள்? அப்பா அங்கேதான் வேலை, ஆனால் சொல்லவே மாட்டார்.

ஏழு சிறு தீவுகளைக் கடலைத் தூர்த்து ஒன்றாக இணைத்து உண்டாக்கிய தீவு அது, 2000 அக்டோபரில் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊறாத நாடு உலகின் பெரிய சுத்திகரிப்பு மையங்களில் ஒன்றாக இருப்பது இப்படித்தான். கச்சா எண்ணெய் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதைச் சூடாக்கி உயரமான கோபுரத்தில் விட்டால் நீளமான சங்கிலிகள் கீழேயே திரவமாகி நின்றுவிடும், குட்டையானவை மேலே ஏறும். இதுதான் பின்னக் காய்ச்சி வடித்தல். இங்கேயும் பிரிவது வெளியொட்டுதான். எந்தப் பிணைப்பும் உடையவில்லை.

அடுத்த வேலைதான் பிணைப்பை உடைப்பது. கச்சா எண்ணெயிலிருந்து பிரிந்த நாப்தா போன்றவற்றை நீராவியோடு எண்ணூறு டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் சங்கிலி துண்டாகி ஈத்தீன், புரோப்பீன் வரும். கிராக்கிங் என்று நோட்டில் இருக்கும். அந்த ஈத்தீனிலிருந்துதான் பிளாஸ்டிக். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எதையும் விளக்கும் தெம்பில் இருக்க மாட்டார், விடுமுறை நாளில் கேளுங்கள்.

பாலி ஈத்தீன் என்று பெயர் இருக்கிறது. அப்படியானால் அதில் இரட்டைப் பிணைப்பு உண்டா?

இல்லை. பெயர் ஏமாற்றும். ஈத்தீனின் இரட்டைப் பிணைப்பு திறந்து பக்கத்து ஈத்தீனோடு கை கோக்கிறது, அது அடுத்ததோடு. இப்படிக் கோத்த நீண்ட சங்கிலிதான் பாலிமர். முடிவில் இருப்பது ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட மிக நீண்ட அல்கேன். புரோமினை நிறம் போக்காது. வரையும்போது இரட்டைக் கோட்டை எடுத்துவிட்டு, அடைப்புக்குறியைத் தாண்டி இரு பக்கமும் கை நீட்டிவிடுங்கள்.

1933இல் இங்கிலாந்தில் ஈத்தீனை வேறொரு பொருளோடு உயர் அழுத்தத்தில் வினைபுரியவைக்க முயன்ற இருவருக்குக் கலனில் மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் படிவு கிடைத்தது. அதுதான் பாலி ஈத்தீனின் ஆரம்பம், பிளாஸ்டிக் பையும் அதுவே. இன்று பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3இலிருந்து ஒரு பைக்குக் குறைந்தது ஐந்து காசு கொடுத்து வாங்குகிறோம். அப்படி வாங்கிய பையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் இளகி நீளும், நடுவில் மெலிந்து வெளுக்கும், அப்புறம் சட்டென்று விறைப்பாகும். சுருண்டு கிடந்த சங்கிலிகள் இழுத்த பக்கமாக நேராகி வரிசையில் நிற்கின்றன.

ஈத்தீனுக்குப் பதில் புரோப்பீனைக் கோத்தால் பாலிபுரோப்பிலீன். உங்கள் பணப்பையில் இருக்கும் இரண்டு வெள்ளி நோட்டு அந்த வகைப் படலம்தான்.

நைலானும் பாலியெஸ்டரும் வேறு விதம் என்கிறார்களே?

கோக்கும் விதம் வேறு. இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் கொக்கி இருக்கிறது. கொக்கி மாட்டும்போதெல்லாம் தண்ணீர் போன்ற ஒரு சிறு மூலக்கூறு வெளியேறுகிறது. ஒடுக்கப் பலபடியாக்கல் என்று பெயர். நைலானை 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் உண்டாக்கினார். நோட்டில் டெரிலீன் என்று இருப்பதும், தண்ணீர் பாட்டிலில் பெட் என்று போட்டிருப்பதும், பாலியெஸ்டர் புடவையின் நூலும் ஒரே பொருள். கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் தயாரிக்கையில் நீரை வடிக்கும் சவ்வின் மெல்லிய மேற்படலமும் நைலானின் உறவுதான், பாலிஅமைடு.

பிளாஸ்டிக் ஏன் மக்குவதில்லை?

கார்பன் சங்கிலியை அறுக்கத் தெரிந்த நுண்ணுயிரிகள் அரிது. நம்மூரில் பெரும்பாலானதை எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றி, குப்பை நிரப்பும் செமக்காவ் தீவுக்கு அனுப்புகிறார்கள். எரித்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும். பிவிசியாக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் வரும், அதைச் சுண்ணாம்பால் பிடித்துவிடுவார்கள்.

பாட்டி பால்மரக் காட்டில் வேலை செய்தவர். ரப்பரும் பாலிமர்தானா?

ஆம். உங்கள் தேர்வில் வராது, ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். என் பாட்டியும் ஜொகூரில் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவாராம். வெயில் ஏறினால் பால் ஓடாது, உறைந்துவிடும்.

பிரேசிலில் பிறந்த மரம் இது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் பூமலைக்கு, அதாவது இங்குள்ள தாவரவியல் தோட்டத்துக்கு, வந்தன. பின்னால் அங்கே இயக்குநராக இருந்த ரிட்லிதான் மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். நம்மவர்கள் ஆயிரமாயிரமாய்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த கதை அந்த வெட்டிலிருந்துதான் ஓடுகிறது.

பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். நுண்ணிய உருண்டைகளாக நீரில் மிதக்கும். எல்லா உருண்டைகளின் மேலும் ஒரே வித (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும், ஒட்டாது. கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் விட்டால் அந்த மின்னூட்டம் அடங்கிப்போய் எல்லாம் கூடித் தயிர் மாதிரி உறைந்துவிடும். உங்கள் நோட்டில் மெத்தனாயிக் அமிலம் என்று ஒரு கார்பனோடு இருக்கிறதே, அதேதான். பாட்டியின் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும், “ஆசிட்டுப் பட்ட கை” என்பார்.

ரப்பர்ச் சங்கிலியில் திரும்பத் திரும்பக் கோக்கும் துண்டு, அதாவது ஒருபடி, ஐசோப்பிரீன், ஐந்து கார்பன். இதையே சங்கிலி வேறு பக்கம் திரும்பும்படி கோத்திருக்கும் மரமும் இங்கே உண்டு, கட்டாபெர்ச்சா. அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே. ஆனால் சங்கிலிகள் நேராகி நெருங்கி அடுக்காக அமைவதால் அது விறைப்பாக இருக்கும், இழுத்தால் நீளாது. 1840களில் இங்கே இருந்த மருத்துவர் மாண்ட்கோமரி அதை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட அதுதான் ஆனது. அதற்காகக் காடு காடாக மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். சங்கிலிகளுக்கு நடுவே இருப்பது வெளியொட்டு மட்டும்தானே, வழுக்கி விலகிவிடும். 1839இல் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கினார். கந்தகம் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் போட்டுவிட்டது. வெளியொட்டு இருந்த சில இடங்களில் உள்பிடியே வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் டயர் சூடேறினாலும் உருகி ஓடுவதில்லை.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. கோப்பிக்கடையில் பொட்டலம் கட்டித் தரும் ரப்பர் வளையம் ஒன்றை, கொஞ்சம் தடிப்பாக, எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டில் வைத்துப் பாருங்கள். அப்புறம் சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மறுபடி உதட்டில் வையுங்கள்: சூடாக இருக்கும். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, விட்டவுடன் வையுங்கள்: சில்லென்றிருக்கும். போன வாரம் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, மின்தூக்கிக்குக் காத்திருந்த ஒரு அம்மா என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டார். அவருக்கும் ஒரு வளையம் கொடுத்தோம்.